புதுத் தோல் பூட்ஸ் இடதுகாலை மட்டும் கடிக்கிறது: வீட்டிலேயே தளர்த்த முடியுமா?

மலைநடையான் | திங்கள், இரவு 9.15

வணக்கம். சென்ற வாரம் ஆம்பூரில் ஒரு திருமணம். பிரியாணி சாப்பிட்டோம் வந்தோம் என்று திரும்பியிருக்கலாம். ஏற்றுமதிக்குச் செய்து மீந்த சரக்கு பாதி விலையில் கிடைக்கிறது என்று யாரோ சொல்ல, ஒரு தொழிற்சாலைக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் உயரம், கயிறு கட்டும் வகை, காப்பிக்கொட்டை நிறம், எண் 8. கடையில் உட்கார்ந்தபடியே போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் அரை மணி நேரம் நடந்ததும் இடதுகால் சுண்டுவிரல் பக்கம் தணல் வைத்தது போல எரிகிறது. வலதுகாலில் ஒரு தொந்தரவும் இல்லை. விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

மூன்று வாரத்தில் நண்பர்களோடு மீசைப்புலிமலை ஏறப் போகிறேன். அதற்குள் இதைப் பழக்க வழி உண்டா? இணையத்தில் தேடினால் உருளைக்கிழங்கு வை, உறைபெட்டியில் வை, அடுப்படியில் வை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.

செண்பகம் | திங்கள், இரவு 9.40

புதுச் செருப்பு கடிக்காமல் இருந்தால்தான் அதிசயம், தம்பி. கடிக்கிற இடத்தில் உள்பக்கமாகத் தேங்காயெண்ணெயைத் தடவி ஒரு ராத்திரி வையுங்கள். என் அப்பாவின் தோல் செருப்புக்கு அம்மா விளக்கெண்ணெய் தடவுவார். ஒரு வாரத்தில் வெண்ணெய் போல ஆகிவிடும்.

சுருள்கம்பி | திங்கள், இரவு 10.05

உறைபெட்டி முறைதான் சிறந்தது. கெட்டியான பாலிதீன் பையில் பாதி தண்ணீர் நிரப்பி இறுகக் கட்டி, பூட்ஸின் முன்பகுதியில் திணித்து இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அந்த விரிவு தோலைத் தள்ளும். சுத்தமான இயற்பியல், சூடும் இல்லை, ரசாயனமும் இல்லை.

லாஸ்டிங்காரன் | திங்கள், இரவு 11.20

ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்து ஷூ தொழிற்சாலைகளில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். பாதிக்கு மேல் லாஸ்டிங் பிரிவில்தான். லாஸ்ட் என்றால் கால் வடிவத்தில் செய்த கட்டை. அதன்மேல்தான் தோலை இழுத்துப் போர்த்தி, அடியில் மடித்து ஒட்டுவோம். முன்பு மரத்தில் இருந்தது, இப்போது எல்லாம் பிளாஸ்டிக்.

வைத்தியம் சொல்வதற்கு முன் நோய் எங்கே என்று பார்க்க வேண்டாமா? மலைநடையான் முதலில் மூன்று காரியம் செய்யட்டும். பூட்ஸுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் எழுந்து நில்லுங்கள். உட்காரக் கூடாது, உடல் எடை இறங்கினால்தான் கால் பரவும். கால் எந்தப் பக்கம் இன்சோலைத் தாண்டி வழிகிறது என்று பாருங்கள். அடுத்து, இன்சோல் இல்லாத பூட்ஸில் காலை விட்டு, விரல்நுனி முன்னால் முட்டும் வரை தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் உங்கள் ஆள்காட்டி விரல் நுழைகிறதா? கடைசியாக, பூட்ஸின் நாக்கு ஓரத்தில் வெட்டுமுனை தெரியும் இடத்தை நன்றாகப் பாருங்கள். அடியில் நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி மேல் பிளாஸ்டிக் படலம் போலத் தெரிந்தால் அது ரெக்சின். தளர்த்தும் பேச்சை மறந்துவிடலாம். அது இழுத்தால் வரும், விட்டால் பழையபடி சுருங்கும்.

இதையெல்லாம் மாலையில் செய்யுங்கள். நாள் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையேறும்போது இருக்கப்போவதும் அந்தக் கால்தான்.

நொய்யல் | செவ்வாய், காலை 7.30

நானும் இதே படகில்தான், லாஸ்டிங்காரர் ஐயா. என்னுடையது எண் 7. பெருவிரல் முன்னால் இடிக்கிறது. வாங்கி ஒரு வாரம் ஆகிறது. தேய்மானம் இல்லை. எனக்கும் வழி சொல்லுங்கள்.

மலைநடையான் | செவ்வாய், இரவு 8.50

செய்து பார்த்தேன். இடதுகாலின் சுண்டுவிரல் மூட்டு இன்சோலைத் தாண்டிக் கிட்டத்தட்ட அரை விரல் அகலம் வெளியே நிற்கிறது. வலதுகால் ஓரத்தோடு நின்றுகொள்கிறது. என் இடதுகால் பெரியது என்று இத்தனை வயதுக்கு இப்போதுதான் தெரிகிறது! குதிகாலுக்குப் பின்னால் விரல் தாராளமாக நுழைகிறது. நாக்கு ஓரத்தில் நார் தெரிகிறது, தோல்தான். மேற்பாதத்திலும் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது, ஆனால் எரிச்சல் இல்லை.

லாஸ்டிங்காரன் | செவ்வாய், இரவு 10.10

நல்ல செய்தி. உங்களுக்கு நீளம் போதும், அகலம்தான் போதவில்லை. அகலக் குறையை வீட்டிலேயே தீர்க்கலாம்.

நொய்யலுக்கு அதே பதில் இல்லை, மன்னிக்கவும். பூட்ஸின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், விறைப்பாக இருக்கும். தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே டோ பஃப் என்ற ஒரு விறைப்பான துண்டு வைத்து ஒட்டியிருப்போம். முனை அமுங்கிப் போகாமல் நிற்பது அதனால்தான். குதிகால் பக்கமும் அப்படி ஒன்று உண்டு, கவுண்டர் என்போம். இந்த இரண்டுக்கும் அடியில் சோல், அது அங்குலம்கூட அசையாது. நீளவாக்கில் எதைப் பிடித்து எதை இழுப்பீர்கள்? நம் ஊரில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர் அளவு. அதை வீட்டில் எந்த வித்தையாலும் வரவழைக்க முடியாது. வேண்டுமானால் தடித்த இன்சோலை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்டுப் பாருங்கள். முனை மேலே வளைந்து இறங்கும் இடத்தில் விரல் முட்டுகிறது என்றால், கால் ஓரிரு மில்லிமீட்டர் கீழே இறங்குவதில் தப்பிக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் வேறு காலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அகலக் குறை உங்கள் காலின் குற்றமும் இல்லை, மலைநடையான். ஏற்றுமதிச் சரக்கு ஐரோப்பியக் காலுக்கான லாஸ்டில் செய்யப்படுகிறது. நம்முடைய கால்கள் பொதுவாக முன்பக்கம் அகலம். அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1948இல் தொடங்கியது, 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலுமாக நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்தது. இந்தியக் கால்கள் அகலமானவை என்பது அதிலும் தெரிந்தது. அதை வைத்து 'பா' என்ற இந்திய அளவு முறையையும் வகுத்திருக்கிறார்கள். மீந்த ஏற்றுமதிச் சரக்கை வாங்குகிறவர்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அந்த லாஸ்ட் ஐரோப்பியக் காலுக்கானதாகவே இருக்கும்.

சுருள்கம்பி | செவ்வாய், இரவு 10.35

எல்லாம் சரி ஐயா, ஆனால் உறைபெட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே?

லாஸ்டிங்காரன் | செவ்வாய், இரவு 11.00

சொல்லாமல் விட்டது மரியாதைக்காக. கேட்டுவிட்டீர்கள்.

9 சதவீதம் என்பது தண்ணீரின் மொத்தக் கன அளவில். பூட்ஸ் மூடிய டப்பா இல்லையே, மேலே வாய் திறந்திருக்கிறது. பனிக்கட்டி எளிதான வழியைத்தான் தேடும், மேல்நோக்கி வழியும். சுண்டுவிரல் பக்கம் மட்டும் தள்ளு என்று அதனிடம் சொல்ல முடியாது. மறுபக்கத்தில் தேவையில்லாத இடமும் சேர்ந்து விரியும். பை கிழிந்தால் உள்துணியும் இன்சோல் அட்டையும் ஊறிப்போகும். அந்த அட்டை ஊறி உலர்ந்தால் வளைந்துவிடும். சிலருக்குப் பலன் கிடைத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவது.

பழைய ஹவில்தார் | புதன், காலை 6.05

இங்கே யாரும் பூட்ஸை நனைக்கும் முறையைச் சொல்லவில்லை. 1984இல் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எங்களுக்குக் கொடுத்த பூட்ஸ் செங்கல் போல இருக்கும். மூத்தவர் ஒருவர் கற்றுக்கொடுத்தார்: வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டுக் கொட்டிவிட வேண்டும். கம்பளிக் காலுறை மாட்டி, அப்படியே போட்டுக்கொண்டு காய்கிற வரை நடக்க வேண்டும். கழற்றக் கூடாது. தோல் நம் காலின் வார்ப்பாகவே ஆகிவிடும்.

ஒரு சிக்கல் என்னவென்றால், நீலகிரியில் ஜூலை மாதம் எதுவும் காய்வதில்லை. நாள் முழுவதும் ஈரக் காலோடு நடந்து, விரலிடுக்கில் புண் வந்ததுதான் மிச்சம். ஆனால் பூட்ஸ் பழகியது. அந்த ஜோடி எட்டு வருடம் வந்தது.

லாஸ்டிங்காரன் | புதன், காலை 8.20

ஹவில்தார் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் முறை அன்றைக்குப் பலித்ததற்குக் காரணம் இருக்கிறது. தோல் என்பது நார்கள் பின்னிக் கிடக்கும் பாய் மாதிரி. ஈரத்தில் அந்த நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். காயும்போது எந்த நிலையில் இருக்கின்றனவோ அப்படியே நின்றுவிடும். எந்த முறையைச் சொன்னாலும் அடிப்படை இதுதான்: நனை, வடிவத்தில் பிடித்து வை, மெதுவாகக் காய விடு.

ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று பட்டையிலும் காயிலும் பதனிட்ட தோல் ஈரத்தில் வார்த்த வடிவத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நம் மாவட்டங்கள் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைத் தோலுக்கே பெயர் பெற்றவை. இன்றைய பூட்ஸின் மேல்தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. மிருதுவாக இருக்கும், ஆனால் கொஞ்சம் திரும்பி வரும் குணமும் உண்டு. அதனால் ஒரு நாளில் முடித்துவிட முடியாது, நாலைந்து முறை செய்ய வேண்டும். அது மட்டுமில்லாமல் இன்றைய பூட்ஸுக்குள் பஞ்சு, அட்டை, பசை எல்லாம் இருக்கின்றன. உள்ளே தண்ணீர் ஊற்றினால் தோலுக்கு முன் அவைதான் கெடும்.

ஆகவே மலைநடையான், முழுவதும் நனைக்க வேண்டாம். இரவில் இடது பூட்ஸின் உள்ளே, சுண்டுவிரல் மூட்டு வருகிற இடத்தை மட்டும் ஈரத்துணியால் நாலைந்து முறை ஒற்றுங்கள். வெளியே அதே இடத்தைக் கொஞ்சம் ஈரப்படுத்துங்கள். திருகினால் விரிகிற ஷூ ஸ்ட்ரெச்சர் கிடைக்கும், மரத்திலும் பிளாஸ்டிக்கிலும். வலது இடது என்று இரண்டுக்கும் பொதுவாக வரும். அதில் சிறு துளைகள் இருக்கும். கூடவே கொடுக்கும் குமிழ்களில் ஒன்றைச் சுண்டுவிரல் மூட்டுக்கு நேரான துளையில் செருகுங்கள். பூட்ஸுக்கு நீளக் கைப்பிடி வைத்ததாக வாங்குங்கள். ஷூவுக்கானதை உள்ளே விட்டால் திருக முடியாது. தோல் விறைத்து நிற்கும் வரை திருகி, அதன் பிறகு ஒரு அரைச் சுற்று. அவ்வளவுதான். ஒரு நாள் அப்படியே விடுங்கள். அடுத்த நாள் ஈரம் ஒற்றி, இன்னொரு அரைச் சுற்று. ஆசைப்பட்டு ஒரே நாளில் முழுவதும் திருகினால் தையல்தான் முதலில் பேசும்.

இடையிடையே வீட்டுக்குள் தடித்த காலுறையோடு இருபது நிமிடம் நடங்கள். தெருவுக்குப் போக வேண்டாம்.

மேற்பாத இறுக்கத்துக்குக் கருவியே வேண்டாம். இறுக்கும் இடத்தில் கயிற்றைக் குறுக்கே விடாமல், அந்த ஒரு ஜோடித் துளையை மட்டும் அதே பக்கத்தில் நேராக மேலேற்றிக் கட்டுங்கள். நடுவில் ஒரு ஜன்னல் விட்டது போல ஆகிவிடும்.

செண்பகம் | புதன், காலை 9.00

என் எண்ணெயைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லிவிடுங்கள்.

லாஸ்டிங்காரன் | புதன், காலை 9.15

எண்ணெய் தோலை மிருதுவாக்கும் அக்கா, உங்கள் அம்மா செய்தது சரிதான். அப்பாவின் செருப்பு பட்டைத்தோலாக இருந்திருக்கும், நன்றாகக் குடித்திருக்கும். இந்தப் பூட்ஸில் தடவினால் நிறம் திட்டுத் திட்டாகக் கறுக்கும், காலுறையில் கறை ஏறும், அளவு மீறினால் சோல் ஒட்டிய பசையும் விட்டுவிடும். ஸ்வேட் போன்ற, மேற்பரப்பு பஞ்சு போல இருக்கும் தோலாக இருந்தால் ஒரு சொட்டுக்கே கெட்டுவிடும். எண்ணெயைக் காலில் தடவிக்கொள்ளட்டும், கடித்த இடம் ஆறும்.

கூழாங்கல் | புதன், மதியம் 1.30

நான் ஹேர் டிரையர் முறையில் செய்தேன். இரண்டு காலுறை மாட்டி, பூட்ஸைப் போட்டு, இறுக்கமான இடத்தில் அரை நிமிடம் சூடு காட்டி, ஆறும் வரை நடந்தேன். மூன்று நாளில் சரியாகிவிட்டது. அவ்வளவு எளிது.

லாஸ்டிங்காரன் | புதன், மதியம் 2.10

அரை நிமிடம், ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே, தோல் உலர்ந்திருக்கும்போது என்றால் பெரிய ஆபத்து இல்லை. ஈரத் தோலில் சூடு காட்டுவதுதான் கொலை. பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கையில் 80 டிகிரி பக்கத்திலேயே சுருண்டுவிடும். குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும் என்றாலும் அதனோடு ஒட்டியவை தாங்காது. தொழிற்சாலையில் சோல் ஒட்டுவதே பசைக்குச் சூடு காட்டித்தான். அதே பசைக்கு வீட்டில் மறுபடி சூடு காட்டினால் என்ன ஆகும்? அடுப்படியிலும் வெயிலிலும் பூட்ஸைக் காய வைக்கிறவர்கள், ஆறு மாதம் கழித்து சோல் வாயைப் பிளந்தது என்று கடையைத் திட்டுகிறார்கள்.

கட்டுமானத்தான் | புதன், இரவு 7.45

நான் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கிறேன். முன்னால் இரும்புக் குல்லா வைத்த பாதுகாப்பு ஷூ. இதற்கும் ஸ்ட்ரெச்சர் போடலாமா?

லாஸ்டிங்காரன் | புதன், இரவு 8.00

போடாதீர்கள். இரும்பு விரியாது. ஐ.எஸ். 15298 தரத்தில் அந்தக் குல்லா 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதை நெம்ப முயன்றால் தோல் கிழியுமே தவிர இரும்பு அசையாது. குல்லாவுக்குப் பின்னால் இறுக்கினால் மட்டும் கொஞ்சம் தளர்த்தலாம். விரல் இரும்பில் முட்டினால் எண்ணை மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், நகம் உங்களுடையது.

மருதாணி | புதன், இரவு 9.30

நான் செவிலியர். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'போடப் போடச் சரியாகும்' என்று இறுக்கமான பூட்ஸைப் பழக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கடிப்பதே தெரியாது. காலுறையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் புண் இருப்பதை அறிந்தவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அவர்கள் தளர்ந்த காலணியையே வாங்கட்டும். மற்றவர்களும் விரல் மரத்துப் போனால் உடனே கழற்றிவிடுங்கள்.

மலைநடையான் | ஞாயிறு, மாலை 5.20

ஒரு வாக்குமூலம். ஸ்ட்ரெச்சர் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். பொறுக்க முடியாமல், ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்தால் தோல் இளகும் என்று வேறெங்கோ படித்ததைச் செய்துவிட்டேன். மருந்துக் கடையில் வாங்கிய ஸ்பிரிட். தோல் இளகியது உண்மை. துடைத்த துணியில் காப்பிக்கொட்டை நிறமும் சேர்ந்து வந்ததும் உண்மை. இப்போது இடது பூட்ஸின் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுப்பு.

லாஸ்டிங்காரன் | ஞாயிறு, மாலை 6.00

சாராயம் மேல்பூச்சைக் கரைக்கும். கடையில் விற்கும் தளர்த்தும் திரவங்கள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. தெளிப்பதாக இருந்தால் உள்பக்கம்தான் தெளிக்க வேண்டும், அதுவும் நாக்கின் மறைவில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்த பிறகு. பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. போனது போகட்டும். அதே நிறத்தில் ஷூ கிரீம் வாங்கி மூன்று நாள் தடவுங்கள். மெழுகு பாலிஷ் வேண்டாம், கிரீம்தான் நிறத்தை ஏற்றும். முழுவதும் மறையாது, உற்றுப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். மலையில் உங்கள் சுண்டுவிரலை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

மலைநடையான் | அடுத்த வெள்ளி, இரவு 9.10

ஸ்ட்ரெச்சர் வந்து நான்கு இரவுகள் ஆகின்றன. குமிழைச் சுண்டுவிரல் துளையில் போட்டு, ஈரம் ஒற்றி, ஒவ்வொரு இரவும் அரைச் சுற்று. முதல் இரவுக்குப் பிறகு ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டார் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் காலை வெளிப்பக்கம் ஒரு சிறு புடைப்பு தெரிந்தது. இன்று ஜன்னல் விட்டுக் கயிறு கட்டி, மொட்டை மாடிப் படியில் முக்கால் மணி நேரம் ஏறி இறங்கினேன். எரிச்சல் இல்லை. இறங்கும்போது விரல்நுனியும் இடிக்கவில்லை. வலது பூட்ஸை நான் தொடவே இல்லை.

வெளுப்பு இருக்கிறது. பரவாயில்லை.

லாஸ்டிங்காரன் | அடுத்த வெள்ளி, இரவு 9.40

இன்னும் இரண்டு இரவு திருகாமல் ஸ்ட்ரெச்சரை அப்படியே உள்ளே விட்டு வையுங்கள். குரோம் தோல் திரும்பி வரும் என்றேனே. மலைக்கு முன் ஐந்தாறு கிலோமீட்டர் மண்பாதையில் நடந்து பாருங்கள், பையில் ஒரு பழைய செருப்பையும் வைத்துக்கொண்டு.

நொய்யல் | அடுத்த சனி, காலை 10.25

இன்சோலை மாற்றிப் பார்த்தேன், வேண்டுமென்றே இரண்டு நாள் நடந்தும் பார்த்தேன். பெருவிரல் நகம் நீலமாகிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன், நீளம் நீளம்தான். எண் 7, கறுப்பு, கணுக்கால் உயரம், பத்து நாள்கூடப் போடாதது. கோவையில் யாருக்காவது வேண்டுமா?

செண்பகம் | அடுத்த சனி, காலை 10.50

என் மகனுக்கு 7தான், நாங்களும் கோவைதான். இப்போதே வரலாம், ஆனால் காலையில் போட்டுப் பார்த்து வாங்கினோம் என்றால் லாஸ்டிங்காரர் சும்மா விட மாட்டார். மாலை ஆறு மணிக்கு அவனை நடத்தியே கூட்டி வருகிறேன். இன்சோலைக் கழற்றி வையுங்கள், தம்பி.